ஞாயிறு ஞ

அக்டோபர் 7, செவ்வாய்

காலை 11:42. தெரியாத எண். எடுத்தேன்.

"ஏனுங், மைவிழிங்கறது உங்க சம்சாரங்களா?"

அதற்கு முன் அவளுடைய எண்ணிலிருந்தே இரண்டு அழைப்புகள் வந்திருந்தன. 11:05, 11:09. மீட்டிங்கில் இருந்தேன். போன் சைலண்டில் இருந்தது.

இனி சைலண்டில் போடுவதில்லை.

அக்டோபர் 9, வியாழன்

ஆஸ்பத்திரியில் கொடுத்தவை: மடக்கிய வெள்ளைக் கோல், ஒரு செருப்பு, கைப்பை, லேப்டாப் பை. லேப்டாப் பையின் வார் அறுந்திருக்கிறது. லேப்டாப்பின் இடது மூலை நசுங்கியிருக்கிறது. பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் அவளுக்குக் கொடுத்தது. இரண்டு ஜிபி மெமரி. பட்டனை அழுத்தினேன். நான்கு நிமிடம் பத்தொன்பது நொடி எடுத்துக்கொண்டது, ஆனால் வந்தது.

வேலை நாளில், பாங்கிக்கு லீவு போட்டுவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் ஏன் காந்திபுரம் போனாள் என்று வீட்டுக்கு வந்த எல்லோரும் கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்கிறேன்.

அம்மா கோபியிலிருந்து வந்து தங்கியிருக்கிறாள். கூடத்தில் பத்துப் பேர் இருக்கும்போது சொன்னாள்: "பொறந்ததுலருந்து கண்ணு தெரியாத புள்ள. தனியா ரோட்டுல உடாதீன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்."

"இடிச்ச வேன்காரனுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியும்மா."

காப்பி ஆறிப்போனது.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை.

அக்டோபர் 15, புதன்

தங்கராசு கூப்பிட்டார். மைவிழி சனிக்கிழமைகளில் பார்வையில்லாதவர்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பாள். அதில் வயதில் மூத்தவர் இவர்தான், நாற்பத்தொன்று. பிறவியிலேயே பார்வை கிடையாது. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, இருபது வருடத்துக்கு மேலாக பஸ்ஸில் ஏறி இறங்கி ஊதுபத்தி விற்கிறார்.

"சார், எழவுக்கு வந்து உங்க கையப் புடிச்சனுங். நாவகம் இருக்குங்களா?"

"நெறையப் பேரு புடிச்சாங்கண்ணா."

"பரவால்லீங். எதுக்குக் கூப்ட்டன்னா, அந்த லேப்டாப்புக்கு நீங்க மெனக்கெட வேண்டாமுங். அடுத்த மாசம் பத்தாந்தேதி பரீச்சைக்கு நான் போகலீங்."

எனக்கு அந்தப் பரீச்சை தெரியும். ஒரு பால் கம்பெனியில் போனில் வருகிற புகார்களைக் கேட்டுத் தமிழில் டைப் அடிக்கிற வேலை. பேசுகிற கம்ப்யூட்டரை எழுத வருகிறவரே கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மைவிழிக்கு பாங்கியில் புது லேப்டாப் கொடுத்துவிட்டார்கள். தன்னுடைய பழையதைத் தயார் செய்து இவருக்குக் கொடுப்பதாக அவள் சொல்லியிருந்தாள்.

"ஏன் போகல?"

"மிசின் பேசாம நான் என்னத்தப் போயி அடிக்கறதுங்? போன வாட்டி எழுத்துப் பிழைன்னு திருப்பி அனுப்பீட்டாங்க. இது ரெண்டாவது. மூணாவது வாட்டி கெடையாதுன்னு சொல்லீட்டாங்க. உடுங் சார். நமக்கு ஊதுபத்தி இருக்குதுங்."

"பத்தாந்தேதி போறீங்க."

"சார்?"

"மிசின் பேசும்ணா. பேச வெக்கறேன்."

பின்னால் ஒரு கண்டக்டர் விசில் அடித்தான். பஸ்ஸில் இருந்தபடியே பேசியிருக்கிறார்.

அக்டோபர் 16, வியாழன்

முதல் வேலையாக ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்தேன். ஆறு மணி நேரம். கீழே விழுந்ததில் சில இடங்கள் படிக்கவே முடியாமல் போய்விட்டன. நகலைத் திறந்து பார்க்கவில்லை. நகல் எடுப்பது வேலை முறை, அவ்வளவுதான்.

பழைய விண்டோஸில் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் புதுப் பதிப்பு ஏறாது. புது விண்டோஸை இரண்டு ஜிபி தாங்காது. எடை குறைந்த ஒரு லினக்ஸ்தான் வழி. எது என்பதுதான் கேள்வி.

என்னென்ன வேண்டும் என்று ஆகஸ்ட் 19ஆம் தேதியே அவள் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஆன் பண்ணுன உடனே பேசணும். பாஸ்வேர்ட் கேக்கற எடத்துலயும் பேசணும். தமிழ் பேசணும். ரெண்டு ஜிபிக்குள்ள மூச்சு வாங்காம ஓடணும். கெட்டுப் போனா தங்கராசண்ணனே திரும்பப் போட்டுக்கணும், பக்கத்துல பாக்கறவங்க யாரும் இல்லாம. வால்பேப்பர் மட்டும் உன் இஷ்டம் நவநீ."

அதற்குக் கீழே நான் அனுப்பிய பதில் இருக்கிறது. அதை இங்கே எழுதவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்கள் வீட்டில் இல்லை. தெருவில் காலை நான்கிலிருந்து வெடி.

முதலாவதை ஏற்றிப் பார்த்தேன். எல்லோரும் சொல்கிற ஒன்று. பார்க்க லட்சணமாக இருக்கிறது. சும்மா இருக்கும்போதே எண்ணூறு எம்பி தின்கிறது. பேசவும் வைத்து எழுதவும் வைத்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் யோசிக்கிறது. கழித்தாயிற்று.

இரண்டாவது மெமரிக்குள்ளேயே உட்கார்ந்து ஓடுகிற பொடியன். இருநூறு எம்பிகூட இல்லை. தொட்டால் பறக்கிறது. ஆனால் ஊமை. மூன்றாவது பேசுகிறது, ஆனால் பாஸ்வேர்டைத் தாண்டிய பிறகுதான். வீட்டுக்குள் வந்தால் விளக்குப் போடுவேன், வாசலில் இருட்டாகத்தான் இருக்கும் என்கிறது.

எந்த இயங்குதளம் இலகுவானது என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் முதலில் படம் போடுகிறார்கள். ஐகான் அழகு, மெனு அழகு, பின்னணியில் மலை. நானும் இரண்டு மணி நேரம் மலையையே பார்த்திருக்கிறேன்.

கல்லூரி நண்பன் ஒருவன் கூப்பிட்டான். "மச்சி, அந்த டப்பாவ எடைக்குப் போடுடா. நான் ஒண்ணு புதுசா வாங்கி அனுப்பறேன்." விசைகளின் மேல் அவள் நெயில் பாலிஷ் சொட்டு வைத்திருக்கிறாள், காய்ந்து கடுகு மாதிரி மேடாகிவிட்டது. தங்கராசின் விரலுக்கு அந்தக் கடுகுகள்தான் பழக்கம். இதை அவனுக்கு விளக்கவில்லை. "முடியாது" என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 22, புதன்

கருமாதி. சடங்கு முடிந்ததும், செத்தவர்கள் புழங்கிய சாமான் வீட்டில் இருக்கக் கூடாது என்று பெரியப்பா ஒரு சாக்கை விரித்தார். புடவைகள், தலையணை, அவளுடைய டம்ளர். கடைசியில் லேப்டாப்பையும் உள்ளே வைத்தார். நான் எழுந்துபோய் வெளியே எடுத்தேன்.

"ஏய், அது ஆகாது நவநீதா. வெச்சுரு."

"இது வேற ஒருத்தரோடது பெரிப்பா."

"யாரோடது?"

"பஸ்ஸுல ஊதுபத்தி விக்கறவரோடது."

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று இரண்டு பேரும் முடிவுகட்டியது தெரிந்தது. இருக்கட்டும். வெள்ளைக் கோலையும் எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 25, சனி

பழுதான டிஸ்க்கை நம்ப முடியாது. காந்திபுரத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போய் வேறு போட்டேன். கடைக்காரர் மூடியைத் திறந்ததும் விசைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏனுங், இந்தச் சொட்டு! ஏழாந்தேதி காலைல ஒரு அம்மா போன் பண்ணுனாங்க. லினக்ஸ் போட்டுத் தருவீங்களா, கீ மேல நெயில் பாலிஷ் இருக்கும், அழுக்குன்னு நெனச்சு சொரண்டீறாதீங்கன்னு. வாங்கம்மான்னேன். வரவே இல்லீங்."

"வேல வந்திருக்கும்" என்றேன்.

"இருக்குமுங். நல்லா சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனாங்க."

டிஸ்க் 240 ஜிபி. பொருந்துகிறது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று வேலை செய்தேன்.

டெபியன் என்று ஒரு லினக்ஸ். மேலே ஒன்றும் அலங்காரம் இல்லாமல், தேவையானதை மட்டும் நானே அடுக்கிக்கொள்ளலாம். இதை எடுத்ததற்குக் காரணம் அது இல்லை. பென் டிரைவைச் செருகி ஆன் செய்தால் ஒரு 'பீப்' வரும். உடனே s தட்டி எண்டர் தட்டினால், நிறுவுகிற வேலையின் முதல் கேள்வியிலிருந்தே வாய்விட்டுப் பேச ஆரம்பிக்கிறது. எண் சொல்கிறது, எண்ணைத் தட்டினால் போதும். ஆங்கிலத்தில்தான் கேட்கிறது, ஆனால் தங்கராசுக்கு ஆங்கிலத்தில் பஸ் நம்பர்கள் எல்லாம் அத்துப்படி.

திரையைப் பார்த்துக்கொண்டு செய்தால் அது ஏமாற்று. சமையலறையில் தொங்கிய ஒரு மஞ்சள் பையை எடுத்துத் திரைமேல் மாட்டினேன். எங்கள் கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்ததில் மிச்சம். அவள் பெயரும் என் பெயரும் அச்சடித்தது.

முதல் தடவை பீப்பைத் தவறவிட்டேன். இரண்டாம் தடவை எண்ணைத் தப்பாகத் தட்டி, பாதி வழியில் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாமல் போனது. பையைத் தூக்கிப் பார்க்கக் கை போனது. கையை எடுத்து உட்கார்ந்த நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மூன்றாம் தடவை கரண்ட் போனது. நான்காம் தடவை முடிந்தது. பார்க்கவே இல்லை.

அவள் எல்லாவற்றையும் இப்படித்தான் செய்தாள். சமையல், பாங்கிக் கணக்கு, ரோடு.

அக்டோபர் 29, புதன்

தமிழ்க் குரல் போட்டாயிற்று. பாஸ்வேர்ட் கேட்கும் இடத்திலும் பேசுகிறது. எழுதும் மென்பொருளும் திறந்த நிலையில் எழுநூறு எம்பி. ஆன் செய்து பேச இருபத்தாறு நொடி. வால்பேப்பர் கறுப்பு.

நவம்பர் 1, சனி

தங்கராசு வந்தார். கோலை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, விசைகளைத் தடவியதும், "இதானுங், இதேதானுங்" என்றார். நான் புகார் சொல்ல, அவர் அடித்தார். என்னைவிட வேகம்.

"நேற்று பால் வண்டி வரவில்லை" என்றேன்.

திரையில் வந்தது: 'னேற்று பால் வன்டி வரவில்லை.'

போன தடவை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று புரிந்தது. இயந்திரக் குரலுக்கு ந, ன, ண மூன்றும் ஒன்றுதான். காதாலேயே எழுத்துப் படித்தவருக்கும் ஒன்றுதான்.

"அண்ணா, வண்டிக்கு மூணு சுழி ண போடணும்."

"சுழீன்னா என்னுங் சார்?"

முப்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக யோசித்தேன். இரண்டு சுழி, மூன்று சுழி எல்லாம் கண்ணுக்குத்தான் சுழி. காற்றில் விரலால் சுழித்துக் காட்டினேன். யாருக்குக் காட்டுகிறேன்?

"அதெல்லாம் எதுக்குங், டீச்சரம்மா இதுக்குள்ள ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தாங்களே. சந்தேகம் வந்தா ஒரு கீய ரெண்டு தட்டுத் தட்டுனா, இன்ன எழுத்துன்னு வெளக்கமாச் சொல்லுமுங். கண்ணு ண, அப்புடீன்னு. அது இதுல இல்லீங்களா?"

"அழிச்சிட்டேன்" என்றேன்.

அவர் விரல்கள் விசைமேல் நின்றன.

"அது இல்லாட்டி நான் மறுக்காவும் தோத்துப் போவனுங் சார்."

"நகல் இருக்குதுண்ணா."

"அப்பறம் என்னுங்! தெறந்து பாத்து எடுத்துப் போடுங்."

திறந்து பார்த்து எடுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

நவம்பர் 2, ஞாயிறு

காலை ஒன்பதுக்கு நகல் இருக்கும் டிஸ்க்கைச் செருகினேன். பன்னிரண்டரைக்குத் திறந்தேன்.

'எழுத்து' என்று ஒரு கோப்பு. படிக்க முடியாமல் போன இடங்களில் இது மாட்டவில்லை. கடைசியாகச் சேமித்தது அக்டோபர் 6, மாலை 6:50. ஒவ்வொரு எழுத்துக்கும் எதிரே ஒரு சொல். புது மென்பொருளுக்கு வடிவம் வேறு. இருபது வரியில் மாற்றி எழுதினேன். ஏற்றிவிட்டு மேலிருந்து கீழே படிக்க விட்டேன். அவள் கேட்கும் வேகத்தை வைத்தால் எனக்குத் தகரக் கூரையில் மழை மாதிரி இருக்கும். ஒரு பொருளும் விளங்காது. அதனால் கல்யாணமாகி மூன்று வருடமும் காது கொடுத்ததே இல்லை. மெதுவாக்கினேன்.

கண்ணு ண. அதற்கு அவள் எப்படிச் சிரித்திருப்பாள் என்று தெரியும். கல்யாணத்தன்றே சொன்னவள், "பேர்லயே விழி வெச்சிருக்காங்க, தனியா எதுக்கு ரெண்டு?" என்று. ரசம் ர. சோறு ற. பல்லு ல. தேளு ள. மழ ழ. ங-வுக்கு யாரிடமும் சொல் கிடையாது, அவளிடம் இருந்தது: 'சொல்லுங்' ங. கோயமுத்தூரில் அந்த எழுத்து இல்லாமல் யாரும் ஒரு வாக்கியத்தை முடிப்பதில்லை. என்னன்னு ன.

நவநீ ந.

அந்தத் தகரக் குரல் அதைச் சொன்னபோது நிறுத்தவில்லை. ஓட விட்டேன். அடுத்து ஞ வந்தது.

ஞாயிறு ஞ.

ஆகஸ்ட் 19ஆம் தேதி நான் அனுப்பிய பதிலையும் இப்போது எழுதிவிடுகிறேன். 'ஞாயித்துக்கெழம பண்ணித் தர்றேன்.' அதற்குப் பிறகு ஏழு ஞாயிறு வந்தது.

ஞ-வுக்கு வேறு சொல் வைக்கலாம். ஞானம் இருக்கிறது. ஒரே ஒரு வரி. கர்சரை அங்கே கொண்டுபோய் வைத்தேன். மாற்றவில்லை. மாற்ற மாட்டேன்.

நவம்பர் 5, புதன்

அம்மா கோபியிலிருந்து போன்.

"ஏஞ்சாமி, சாப்ட்டயா? ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கப்படாது. பேச்சுத்தான், இப்பவே ஒண்ணுமில்ல. நம்மூருப் புள்ள. டீச்சருக்குப் படிச்சிருக்குது. அடக்கமான புள்ள, கண்ணு ரெண்டும்..."

நிறுத்திக்கொண்டாள்.

"சொல்ல வந்ததச் சொல்லும்மா."

"ஒண்ணுமில்ல சாமி. ஞாயித்துக்கெழம வா, சும்மா பாத்துட்டு வந்தர்லாம்."

"ஞாயித்துக்கெழம வேல இருக்குது."

"உனக்கென்ன ஞாயித்துக்கெழம வேல?"

"இருக்குது."

"அப்பச் சரி. திங்கக்கெழம அவுங்களையே கூட்டீட்டு கோயமுத்தூரு வர்றேன். பதினொன்னரைக்கு ஊட்டுல இரு."

"இருக்க மாட்டேன்."

"பாக்கலாம், எப்புடி இல்லாமப் போறேன்னு."

நான் இதுவரை அம்மாவின் அழைப்பை நடுவில் வெட்டியதில்லை. இன்றும் வெட்டவில்லை. அவளே வைக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

தங்கராசு காலை எட்டுக்கே வந்துவிட்டார். முதலில் மஞ்சள் பையை அவர் கையில் கொடுத்தேன். எதற்கு என்றார். "எனக்குத்தான், உங்களுக்கு வேண்டாம்" என்றேன். பையைத் திரைமேல் மாட்டிவிட்டு, பென் டிரைவையும் அவரிடம் கொடுத்து, முழுசாக அழித்துத் திரும்பப் போடச் சொன்னேன். இன்னொரு பென் டிரைவில் அவளுடைய எழுத்துக் கோப்பும் இருந்தது. பீப் வந்தது. s, எண்டர். ஒன்றேகால் மணி நேரம். என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நூற்றிருபது புகார். பால் திரிந்துபோனது, பாக்கெட் ஒழுகியது, வண்டி வரவில்லை, வந்தவன் நாயைத் திட்டினான். வண்டிக்கு இரண்டு தட்டுத் தட்டினார். கண்ணு ண. திருத்தினார். நேற்றுக்குத் தட்டினார். நவநீ ந. அவர் முகம் என் பக்கம் திரும்பியது.

'ஞாயிற்றுக்கிழமை பால் போடவில்லை' என்று ஒரு புகார் கொடுத்தேன். ஞாயிறு ஞ என்றது. தங்கராசு சிரித்துவிட்டார்.

"இது உங்களத்தானுங் சார். கிளாஸுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. எங்கூட்டுக்காரருக்கு வாரத்துல ஒரே நாளுதான், அந்த நாளும் வரவே வராதுன்னு. கடசியா நாலாந்தேதி கிளாஸுல, 'இந்த ஞாயிறும் பாக்கறேன் தங்கராசண்ணா, இல்லாட்டி செவ்வாக்கெழம நானே கடைக்குத் தூக்கீட்டுப் போயிர்றேன்'னாங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கை விசையிலிருந்து கீழே இறங்கியது.

"சார், நான் எதுக்கோ..."

"அடுத்த புகாரு அண்ணா. 'பாலில் தண்ணீர் அதிகம்.' ழ வராது இதுல, ஆனா ண வரும். கவனமா அடிங்க."

அடித்தார். பிழை இல்லை.

நவம்பர் 10, திங்கள்

பால் கம்பெனி, முதல் மாடி, நடைபாதை பெஞ்ச். இதை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

மேற்பார்வையாளர் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மியூசியப் பீஸா? கூட வந்தவரு உள்ள வரக்கூடாதுங். ஹெட்போனும் போடக்கூடாது. வெளிய இருந்து யாராச்சும் சொல்லிக்குடுத்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சத்தமாவே பேசட்டும் சார்" என்றார் தங்கராசு. "எல்லாரும் கேளுங்."

கதவு சாத்தியது. 11:30க்கு ஆரம்பம். உள்ளே யாரோ வேகமாகப் புகார் படிக்கிறார்கள், விசைகள் சடசடக்கின்றன. நடுநடுவே அந்தத் தகரக் குரல், அவர் வைத்திருக்கும் வேகத்தில். முன்பு எனக்கு மழைச் சத்தமாக இருந்தது. இப்போது சொல்லாகக் கேட்கிறது. தேளு ள. கண்ணு ண. திருத்துகிறார். மறுபடி ஓட்டம்.

போன் அடித்தது. அம்மா. அவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு என் வீட்டுக் கதவுக்கு முன்னால் நிற்கிறாள். ஒரு மாதமாகப் போனைக் குளியலறைக்கும் கொண்டுபோகிறேன், சத்தத்தைக் குறைத்ததே இல்லை. நடைபாதை முழுக்க அதிர்ந்தது. எடுத்தேன்.

"எங்கடா போய்த் தொலஞ்ச? வந்தவங்க வெய்யில்ல நிக்கறாங்க. மானம் போகுது."

"மைவிழி ஒரு வேல குடுத்திருக்கா. அத முடிக்கறேன்."

"செத்தவ என்னடா வேல குடுப்பா? சாமி, அம்மா சொல்றதக் கேளு."

"அவுங்களுக்கு ஆளுக்கொரு மோரு வாங்கிக் குடுத்து கோபிக்கே கூட்டீட்டுப் போம்மா. நான் வர மாட்டேன். அடுத்த வாரமும் வர மாட்டேன். இன்னொரு விசயம், அவ எதுக்கு அந்த ரோட்டுக்குப் போனான்னு எல்லாரும் கேட்டீங்கல்ல. கண்ணு தெரியாததுனால போகல. எனக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தும் பண்ணித் தராததுனால போனா."

அம்மாவுக்குப் புரியவில்லை. வைத்துவிட்டேன். நடுவில் வெட்டினேன்.

உடனே மறுபடி அடிக்கிறது. திரையில் மணி 11:42.

கதவுக்கு அந்தப் பக்கம் குரல் ஒரு எழுத்தை நிதானமாகச் சொல்கிறது. நவநீ ந. பிறகு விசைகள் மறுபடி ஓடுகின்றன, தடையில்லாமல்.

போன் இன்னும் அடிக்கிறது, அந்தச் சத்தத்தில் அடுத்த எழுத்து என்னவென்று கேட்கவில்லை.

போனை அணைத்துவிட்டேன்.